ஒரு நிறுத்தம் முன்னால்

முதலில் மிரிஸ்ஸ என்றோம்.
திமிங்கிலம் பார்க்க ஆளுக்கு எவ்வளவு என்று
தன்வீர் கணக்குப் போட்டதும்
ஹிக்கடுவ என்று சுருங்கினோம்.
சம்பளம் நான்கு நாள் தள்ளிப்போன மாதம்
பெந்தோட்டையில் வந்து நின்றது திட்டம்.
கடைசியில்
வேலைக்குப் போகும் அதே ரயிலில்
வெள்ளவத்தையில் ஏறி, தெஹிவளை தாண்டி
கல்கிசையில் இறங்கினோம்,
இரத்மலானைக்கு ஒரு நிறுத்தம் முன்னால்.
பழகிய கால் இறங்க மறுத்தது.
ஐந்து பேர், ஐந்து முதுகுப்பை,
வெகுதூரம் வந்தவர்களின் முகம்.

இரண்டு அறை, ஒரு மின்விசிறி.
அதைப் பெண்களுக்கு விட்டுக்கொடுத்ததை
டாக்காவின் இந்தியில்
இரவு முழுக்கச் சொல்லிக்காட்டினான் தன்வீர்.

ஷிஃபானாதான் முதலில் பாய்ந்தாள்.
அக்கரைப்பற்றுக்காரி.
அபாயா தண்ணீரில் குடையாய் விரிய
அலைக்கு அந்தப்பக்கம் போய்
தலையை மட்டும் காட்டினாள்.
சமோத்யா என் மணிக்கட்டைப் பிடித்து
தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் சொன்னாள்:
"வாங்கோ, வாங்கோ, ஒண்டுமில்லை."

நான் திருப்பூர்.
அந்த வருடம் ஐரோப்பாவுக்கு எந்த நிறம் பிடித்ததோ
அந்த நிறத்தில் ஓடிய ஆறு என்னுடையது.
தெளிந்த தண்ணீரில் கால் வைக்க
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

நிமலரூபன் வரவில்லை.
ஐந்து போன், நான்கு ஜோடி செருப்பு, ஒரு மூக்குக்கண்ணாடி
எல்லாவற்றையும் துண்டில் அடுக்கிவைத்து
கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்,
தண்டவாளத்தைப் பார்த்தபடி.
"ஆராவது சாமான் பாக்கத்தானே வேணும்."
போன முறை காலிமுகத்திடலிலும் அவன்தான் பார்த்தான்.
நாங்கள் கேட்பதில்லை.

இறால் வடையை நான் கடித்த நேரம்
எதிரே வந்தது அந்தக் கால்சட்டை.
நீலத்தில் சின்னச் சின்ன அன்னாசிகள்.
இடது பக்கத் தையலில் மட்டும்
பாதி அன்னாசியோடு பாதி அன்னாசி சேராமல்
விரற்கடை அளவு விலகி நிற்கும்.
மார்ச்சில் நானே சிவப்பு அம்பு ஒட்டித் தள்ளிய சரக்கு.
புறக்கோட்டை நடைபாதையில்
பேரம் பேசி வாங்கியிருப்பார் அந்த வெள்ளைக்காரர்.
நாயோடு ஓடினார், விழுந்தார், எழுந்து சிரித்தார்.
"லீவிலயும் செக்கிங்கா?" என்று
ஷிஃபானா ஈரக் கையால் என் கண்ணைப் பொத்தினாள்.
விரலிடுக்கு வழியாகவும் தெரிந்தது தையல்.

இருட்டியபின் அவனருகில் போய் உட்கார்ந்தேன்.
"உங்கட ஊரில கடல் இல்லையோ?"
இல்லை, சாயப்பட்டறை இருக்கிறது என்றேன்.
சிரித்தான்.
பிறகு ஒரு ரயில் போகும்வரை பேசாமல் இருந்து
"கடல் வடிவுதான்" என்றான்,
யாரோ மறுத்துச் சொன்னதுபோல.

விடியற்காலை ஐந்தரைக்கு
தண்ணீர் குடிக்க எழுந்தவள் ஜன்னலில் பார்த்தேன்.
கணுக்காலளவு நுரையில் அவன் தனியாக.
மடிக்காத கால்சட்டை.
கழற்றிய செருப்பு இரண்டும் கையில்,
சொன்னவுடனே போட்டுக்கொண்டு
கிளம்பவேண்டியவனைப்போல.
ஒரு அலை பெரிதாக வந்தது.
அவன் நகரவில்லை.
திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.
சமோத்யா தூக்கத்தில்
மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பியிருந்தாள்.

திங்கட்கிழமை கல்கிசை வந்தபோது
"இறங்குவமா?" என்றாள் ஷிஃபானா.
கதவருகில் நின்ற யாரோ ஒரு ஆள்
இறங்கத்தான் போகிறோம் என்று
பாவம், வழிவிட்டார்.

வெள்ளை விளக்கின் கீழ் மேசையில் குனிந்தபோது
என் காதோரத்திலிருந்து மணல் கொட்டியது,
குழந்தைச் சட்டை ஒன்றின்மேல்.
குறைப் பட்டியலில் அதற்கு இலக்கம் உண்டு.
பதினேழு: அந்நியப் பொருள்.
என் விசாத் தாளிலும் ஏறக்குறைய அதே சொல்தான்.
ஊதிவிட்டேன்.

வெட்டுத் துணிக்கட்டோடு நிமலரூபன் கடந்துபோனான்.
அதே கால்சட்டை.
விளிம்பிலிருந்து நாலு விரல் மேலே
வெள்ளையாக ஓர் உப்புக்கோடு,
சுற்றிலும், எங்கும் பிசகாமல்.