ஓய்வாண்டுப் பிசின்

எரிகாவோவில் ஷிரேயின் கிடங்கு.
தகரக் கூரை பதினோரு மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடும்.
பதினாறு பெண்கள், ஆளுக்கொரு சல்லடை,
நடுவில் குந்திரிக்கக் குவியல்.
கட்டைவிரல் பருமன், வெளுத்தது: முதல் தரம்.
மஞ்சள் இரண்டாவது.
பட்டை ஒட்டியது மூன்று.
தூசி எங்களுக்கு.
மாலையில் வீட்டுக் கரியில் அதைத்தான் போடுகிறோம்;
மலக்குகள் தரம் பார்ப்பதில்லை.

முதல் தரம் தேவாலயங்களுக்குப் போகிறது என்கிறார்கள்.
எந்த ஊர்த் தேவாலயம் என்று கேட்டதற்கு
ஷிரே கையை வடக்கே வீசினார்,
கடல், அதற்கப்பால் இன்னொரு கடல் என்பதுபோல.
அங்கே சங்கிலியில் தூபக்கலம் ஆடுமாம்
செத்தவரின் பெட்டியைச் சுற்றி.
பெட்டிக்குள் இருப்பவரை எனக்குத் தெரியாது.
அவருக்காக எரியும் கட்டியை
என் எச்சில் தொட்ட விரல் பொறுக்கியிருக்கிறது.

மரத்தைக் குத்தியதும் வாசனை கொட்டிவிடாது.
முதல் வெட்டில் வருவது வெறும் பால்,
வழித்து எறிய வேண்டும்.
பதினைந்து நாள் கழித்து
அதே காயத்தை மிங்காஃப் கத்தியின் நுனியால்
மெல்லத் திறக்க வேண்டும்.
மறுபடி பதினைந்து நாள்.
காயம் ஆறவும் கூடாது, ஆழவும் கூடாது.
அந்த இடைவெளியில்தான் எங்கள் சோறு.
பருவம் முடிந்தால் ஓராண்டு
அந்தப் பக்கமே போகக் கூடாது.

இதை யாரும் எழுதி வைக்கவில்லை.
பிசினில் எழுதியிருக்கிறது.
ஓய்வாண்டில் வெட்டிய மரம்
பொடிப்பொடியாய் அழும்,
கடுகுபோல, சிவந்து.
மென்றால் முதலில் வரவேண்டிய எலுமிச்சை வராது,
கசப்பு நேரே வரும்.

செவ்வாய்க்கிழமை நீலத்துணி கட்டிய மூட்டை வந்தது.
நீலத்துணி எங்கள் முகடு. என் தம்பி கூலேத்.
பிரித்தேன். கடுகு. சிவப்பு.
ஒரு துணுக்கை மென்றேன்.
நொண்டி ஒட்டகம்.

பாறை விளிம்பில் ஒருக்களித்து நிற்கும் மரத்துக்கு
நாங்கள் வைத்த பெயர் அது.
ஐந்து வெட்டுக்குமேல் தாங்காது.
இந்த வருடம் ஒன்றுகூட ஆகாது.

வாயில் வசை வந்துவிட்டது.
பக்கத்திலிருந்த உபஹ் சல்லடையை நிறுத்திப் பார்த்தாள்.
அப்புறம்தான் ஞாபகம் வந்தது:
மகளுக்குக் குடல்வால் வெடித்த இரவு
புராவோ மருத்துவமனை வராந்தாவிலிருந்து
நான்தான் தம்பிக்குப் போன் செய்தேன்.
இருநூற்று நாற்பது டாலர்
அரை மணியில் போனில் வந்து விழுந்தது.
எங்கிருந்து என்று கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
மகள் வயிற்றில் தையல் ஏழு.
மரத்தில் எத்தனை?

"இரண்டாம் தரத்தில் கலந்துவிடு" என்றாள் உபஹ் காதோரம்,
"யார் பார்க்கப்போகிறார்கள்."
கலக்கலாம்.
செத்தவர் எழுந்து வந்து புகார் சொல்லப்போவதில்லை.
மூன்றில் போட்டேன், முழு மூட்டையையும்.
தராசில் தம்பியின் காசு பாதியானது.
இரண்டாம் விலை கிடைத்தால்
அடுத்த மாதமும் ஏறுவான், எனக்குத் தெரியும்.

அன்றிரவு குரல்செய்தி அனுப்பினேன்.
முகட்டில் சிக்னல் கிடையாது.
மூன்று நாள் கழித்துப் பதில்:
காற்று, நிறையக் காற்று, பிறகு அவன்.
"பதினொன்று வெட்டியிருக்கிறேன் அக்கா.
கீழ்க்கிளையில் வண்டு துளை போட்டிருக்கிறது.
மேலே இன்னும் இலை இருக்கிறது.
கத்தியை எடுத்துவிட்டேன்.
ஷிரேயின் கடனை எடுக்க முடியவில்லை."

சனிக்கிழமை
ஷிரேயின் பேரேட்டைத் திறக்கச் சொன்னேன்.
கூலேத் பெயரை அடித்துவிட்டு
கீழே தஹபோ என்று எழுதச் சொன்னேன்.
கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி என்னைப் பார்த்தார்.
எழுதினார்,
அடியில் ஒரு கோடு இழுத்தார்.

இரண்டு மழைக்காலம், கூலியில் பாதி.
பதினைந்து நாளுக்கு ஒரு முறை
அதே கோட்டைத் திறப்பார்.