முன்னே ஓடிய கதவு

ஜெலுத்தோங் மருத்துவமனை, நான்காம் மாடி.
அலாரம் அடித்தது 3:12:05.
கதவு திறந்தது 3:16:31.
இடையில் கிடக்கும் நான்கு நிமிடத்துக்கு விளக்கம் கேட்டு
தாதி தவமலருக்குக் கடிதம் போய்விட்டது.
ஒன்பதாம் கட்டிலுக்கு
வேறு விரிப்பும் போட்டாயிற்று.

நான் வந்தது அதற்காக இல்லை.
கதவுப் பதிவில் மணி இடிக்கிறது என்று
ரோஹாய்சா எழுதிவைத்த துண்டுச்சீட்டுக்காக.
பையில் கட்டிய கோப்பி ஓவை
சர்வர் அறைக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டு
குளிர்சட்டையோடு உள்ளே போனேன்.

கதவுகளை ஆளும் பெட்டியைக் கேட்டேன்:
யாரைக் கேட்டு நீ மணி சொல்கிறாய்?
அடுக்கு பதினாறு என்றது.
எங்கள் தொழிலில் அதற்கு
யாரோடும் சேரவில்லை என்று பொருள்.
கேட்காமல் இல்லை, பாவம்.
பதினேழு நிமிடத்துக்கொரு தரம்
மணி என்ன, மணி என்ன என்று
கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது.
சீனப் பெருநாளுக்கு முன் வந்த புது ஃபயர்வால்
நூற்று இருபத்துமூன்றாம் வாசலைச் சாத்தியிருந்தது.

பதில் வராத நூற்று நாற்பத்துமூன்று நாளும்
தன் வயிற்றுக் குவார்ட்ஸ் துணுக்கை நம்பி
நாளுக்கு ஒன்றே முக்கால் வினாடி
முந்தி முந்தி ஓடியிருக்கிறது கதவு.

இருநூற்று ஐம்பத்தொரு வினாடி.
கழித்தேன். நம்பாமல் விரல்விட்டும் கழித்தேன்.
3:12:20.
அலாரத்துக்கும் அவளுக்கும் நடுவே
பதினைந்தே வினாடி.
தாதியர் மேசையிலிருந்து அந்த அறைவரை
நடந்து பார்த்தேன்.
எனக்கு இருபத்திரண்டு.
ஓடியிருக்கிறாள்.

வாசலைத் திறந்துவிட்டேன்.
பதில் வந்த கணக்கு ஏறியது:
ஒன்று, மூன்று, ஏழு, பதினேழு,
எட்டுக்குமேல் எண்ணத் தெரியாதவன் கணக்குப்போல
முப்பத்தேழு, எழுபத்தேழு,
நூற்று எழுபத்தேழு,
முந்நூற்று எழுபத்தேழு.
எட்டுக் கேள்விக்கும் எட்டுப் பதில்.
ஆணியில் கோப்பி ஆறிப்போயிருந்தது.

ஒரே தட்டில் சரி பண்ணேன் என்றார் மிஸ்டர் ஊய்.
கூடாது.
மணியைப் பின்னால் இழுத்தால்
வந்துபோன நான்கு நிமிடம் மறுபடி வரும்.
போனவர் போகுமுன்னே திரும்பியதாகப்
பதிவேடு சொல்லும்.
ஒவ்வொரு வினாடியையும் மயிரிழை நீட்டி
நாளுக்கு நாற்பத்துமூன்றாகக் குறைய விட்டேன்.
ஆறு நாள் பிடிக்கும்.

தாளைக் கொண்டுபோய்க் கேண்டீனில் கொடுத்தேன்.
படித்தாள். மடித்தாள்.
பிரித்து மறுபடி படித்தாள்.
"நா நிக்கவே இல்லியா?" என்றாள்.
"கைப்பிடியப் பிடிச்சிக்கிட்டு வெளிய நின்னது
எனக்கு ஞாபகம் இருக்கே."

கடிதத்தை மீட்கும் படிவத்தில்
ஊய் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.
இன்று மூன்றாம் நாள், இரவுப் பணி.
தவமலர் அட்டையைத் தொடுகிறாள்.
கதவு இன்னும் இரண்டு நிமிடம்
முன்னால் இருக்கிறது.