ஏ எழுத்தின் ஒரு கால்

பண்டாரவளை பஸ் நிலையத்துக்கு எதிரே
இரண்டாம் மாடியில் பல் கட்டுகிறேன்.
பகலில் பிறர் வாய்க்கு.
இரவில் அதே விளக்கின் கீழ்
அதே பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கி
கெட்டுப்போன இறக்கைகளைப் பார்க்கிறேன்.

கெட்டுப்போனவை என்பது
லீட்ஸ் நகரத்து வியாபாரியின் சொல்.
யுத்த காலத்து விமானப்படைச் சின்னங்கள் விற்பவர்.
படம் அனுப்பினால் உடனே பதில் வரும்:
ஊக்கு அசல் இல்லை. கிரீடத்தை ராவியிருக்கிறார்கள்.
பற்றாசு தெரிகிறது. வேண்டாம்.

அவர் வேண்டாம் என்றவைதான்
எனக்கு வேண்டியவை என்று ஆனது
எந்த வருஷம் என்று நினைவில்லை.

இப்போது இருபத்துமூன்று.
கிரீடத்தைக் கழற்றி அந்தக் குழியில்
சிவப்புக் கண்ணாடிக்கல் பதித்தது ஒன்று.
கொண்டை ஊசியானது ஒன்று.
கழுகின் அலகை வளைத்து,
சரியாகச் சொன்னால் வளைக்கப் போய் முறித்து,
வாலில் பச்சை எனாமல் பூசிக்
கிளியாக்கியது ஒன்று.
கிளியும் இல்லை கழுகும் இல்லை,
மழை நாளில் என் ஜன்னலில் வந்து குந்தும்
எதையோ போல இருக்கிறது.

யார் கொடுத்தது, யாருக்கு, எதற்கு?
வெள்ளியிடம் அதைக் கேட்பதில்லை.
வெள்ளிக்குத் தெரிந்தது ஆசாரியின் கை மட்டும்:
அவசரம், நல்ல அரம் இல்லாமை,
ஒருமுறை, பின்னேரத் தூக்கம்.

பதினொன்றாவதை அப்புத்தளை அடகுக்கடையில் வாங்கினேன்.
"நிறைக்குத்தான் காசு தம்பி, பறக்கிறதுக்கு இல்ல"
என்றார் ஜுனைத் நானா.
பாதி இறக்கை. காதுக்கு வளையம்.
ஆர் முழுதாக இருந்தது. ஏ எழுத்தை
வாள் நடுவே பிளந்து
ஒரு காலை மட்டும் விட்டிருந்தது.
வெட்டும்போது வழுக்கிய கீறல் ஒன்று,
மயிர் அளவு,
விளிம்பு வரை வந்து
காற்றில் முடிந்தது.

மிச்சக் கீறலை ஏழு வருஷம் தேடினேன்,
வெலிமடைச் சந்தையில், பதுளை நகைக்கடைகளின்
உருக்கப்போகும் தட்டுகளில்.

போன செவ்வாய் பூமாரி வந்தாள்.
கரட் லொறியில் மூட்டை ஏற்றுகையில்
முன்பல் போனதாம்.
பல்லின் நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மகன் டிலுக்ஷன் கதிரையில் ஏற, சட்டையும் ஏறியது.
அரைஞாண் கயிற்றில்
தாயத்துக்கும் பூட்டில்லாத ஒரு சாவிக்கும் நடுவே
மற்ற இறக்கை.

விலை கேட்டேன். இரண்டு மடங்காக்கினேன்.
ஓட்டைப் பல்லைக் கையால் மறைத்துச் சிரித்தாள்.
"அது இருக்கிறதாலதான் இவன் விழாம இருக்கான்."
விழுந்ததே இல்லையா?
"நேத்துக்கூட விழுந்தான்."

பிறகு சொன்னாள்:
"வளையம் தேஞ்சிருச்சு சேர்.
பல்லு ஒட்டுற கையால
இதையும் ஒட்டிக் குடுங்க."

உள்ளறையில் பத்து நிமிஷம்.
இழுப்பறையிலிருந்து பதினொன்றாவதை எடுத்துப்
பக்கத்தில் வைத்தேன்.
கீறல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனது.
ஏ இரண்டு காலில் நின்றது.

கதவுக்கு வெளியே பையன்
என் மெழுகுக் கட்டிகளை உருட்டிக்கொண்டிருந்தான்.

பிரித்தேன்.
வெங்காரம் தடவிச் சுடர் காட்டினேன்.
எண்பது வருஷக் கறுப்பு
பற்றைச் சுற்றி வெளிறிப் போனது.
லீட்ஸ்காரர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்:
அசல் இல்லை. அண்மைய வேலை. திறமையும் போதாது.

என் பாதியைக் கொடுக்கவில்லை.
காட்டவும் இல்லை.
அவள் கதவைத் தட்டுமுன்
இழுப்பறையை மூடினேன்.

பேரேட்டில் அன்றிரவு எழுதியது:
இருபத்துநான்கு. வலது இறக்கை. என்னிடம் இல்லை.
பற்றாசு என்னுடையது. சற்றுத் தடிப்பு.

பல்லுக்கு அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.
வளையம் பிடித்திருக்கிறதா பார்க்க வேண்டும்,
பையனையும் கூட்டி வா என்றும்.