எயார் எடுத்தல்

உவர்மலை இறக்கத்தில்
பிரேக் பெடல் தரைவரை போயிற்று,
சேற்றில் கால் வைத்தது போல.
முன்னால், வீதியின் நட்டநடுவில்,
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது.
ஹாண்ட் பிரேக்கை இழுத்தேன். கியரைக் குறைத்தேன்.
மதிலில் கொஞ்சம் உரசி நின்றேன்.
மான் நிமிர்ந்து பார்த்தது,
விலாசம் கேட்க நிறுத்தியவளைப் பார்ப்பது போல.

அறுபத்தெட்டாம் வருஷத்து எம்.ஜி. மிட்ஜெட்.
இரண்டு பேர் இருக்கலாம்; மூன்றாவதாய்
ஒரு பை மீன் வைக்கலாம்.
"வித்துப்போட்டு ஒரு வாகன் ஆர் எடுப்பம்"
என்றார் தவநேசன்.
நான் சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை.
அன்றிலிருந்து பதினொரு நாள்
சோறு, கறி, கதவுத் திறப்பு எல்லாம்
மேசைமேல் வைத்துத்தான் கைமாறின.

பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சல்.
வீல் சிலிண்டருக்கு வந்த றப்பர் சீல்கள்
அரைக்கால் அங்குலம் பெரிசு.
திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தது.
இம்முறை அளவு சரி, ஒன்று குறைவு.
மூன்றாம் முறை கண்டக்டர் கேட்டார்:
"மிஸ், உள்ளுக்கு என்ன, நகையா?"

பிரேக் ஒயிலுக்கு ஒரு குணம்,
காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும்.
இந்த ஊரிலோ காற்றே பாதி கடல்.
மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்தால்
உள்ளே பிளேன் டீ.
பிஸ்டன் முழுக்கத் துருப் பள்ளங்கள்,
அம்மாள் வந்துபோன முகம் மாதிரி.

பைப் நட்டு அசையவில்லை.
டீசல் ஊற்றினேன். தட்டினேன். ஏசினேன்.
இரண்டாம் நாள் அந்திக்கு
அது கிறீச்சிட்டு மயிரளவு திரும்பியபோது
என் தோளுக்குள்ளும் ஏதோ திரும்பியது.
ஒயில் ஒழுகிய இடத்தில்
பச்சைப் பெயின்ற் தோலாய் உரிந்தது.
அதன் கீழ் சிவப்பு. அதன் கீழ் யாரோ அடித்த வெள்ளை.
எனக்கு முந்திய மூன்று பேரும்
இதை வித்துவிடச் சொன்ன மூன்று பேரோடு
வாழ்ந்திருக்கக்கூடும்.

எல்லாம் பூட்டியாயிற்று.
இனி எயார் எடுக்க வேண்டும்.
அதற்கு இரண்டு பேர் தேவை,
ஒருவர் பெடலில், ஒருவர் அடியில்.
கல்லை வைத்துப் பார்த்தேன்.
தடியை முட்டுக்கொடுத்துப் பார்த்தேன்.
கல்லுக்கு விடச் சொன்னால் விளங்காது.
படலையடியில் நின்ற தவநேசன்
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
ஒன்றும் பேசாமல் ஏறி இருந்தார்.

நான் இடது பின்சில்லடியில், பழம்பாயில்.
பரிசோதனைக்கூடத்தில் கழித்த சேலைன் குழாய்,
ஒரு முனை நிப்பிளில், மறுமுனை ஜாம் போத்தலில்.
"அமத்துங்கோ."
நிப்பிளைத் திறந்தேன்.
"பிடியுங்கோ."
இறுக்கினேன்.
"விடுங்கோ."
பள்ளிக்கூடம் விட்டாற்போல்
குமிழிகள் இடித்துக்கொண்டு வந்தன.

அமத்துங்கோ. பிடியுங்கோ. விடுங்கோ.
பதினொரு நாளுக்குப் பிறகு
அவரோடு நான் பேசிய சொற்கள் இவைதான்.
முகம் தெரியவில்லை.
பெடல் ஸ்பிரிங் முனகுவது மட்டும் கேட்டது.

மூன்றாம் சில்லில்
நான் சொல்ல முன்னமே விட்டுவிட்டார்.
போன காற்று திரும்ப உள்ளே வந்தது.
"நீர் சொன்னீர் எண்டு நினைச்சன்."
"நான் சொல்லேல்லை."
இது எங்கள் பழைய சண்டை ஒன்றின் முதல் வரி.
அடுத்த வரி இருவருக்கும் பாடம்.
குழாயைத் துடைத்து மறுபடி மாட்டினேன்.
"அமத்துங்கோ."

நாலாம் சில்லில் தேயிலைச் சாயம் போய்
குழாய் தெளிந்தது.
அவர் கால் பாதி வழியில் நின்றது.
"கல்லு மாதிரிக் கிடக்கு" என்றார்,
தானே செய்து முடித்தவர் போல.

விடிய, இடது பின்சில்லடியில்
நான் விரித்த காட்போட் மட்டையில் ஒரு துளி.
ஒயிலா, பனியா?
இருவரும் குந்தியிருந்து பார்த்தோம்.
"தொட்டுப் பாரும்."
"நீங்க தொடுங்கோ."
துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.
துளி, எங்களைப்போல் அவசரமில்லாமல்,
மட்டைக்குள் ஊறத் தொடங்கியது.