மூன்று வரிக்கு மேற்படாமல்

படிவத்தின் நாலாம் பக்கத்தில் ஒரு பெட்டி:
மோதலின் மூலகாரணம். மூன்று வரிக்கு மேற்படாமல்.
கேட்டவர் ஹென்ரிக். நல்ல மனிசன்.
சம்பலின் உறைப்பில் கண் கலங்கியும்
இன்னும் கொஞ்சம் கேட்பார்.
நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன்.

கனகராயன்குளத்தில் நவரத்தினராசா சொன்னார்:
வேலை போன கடிதம் சிங்களத்தில் வந்தது,
அதை வாசிக்கத் தெரியாததால்தான் வேலை போனது.
வவுனியா பேக்கரிப் பியசேனவிடம் கொடுத்தாராம்.
வாசித்தவன் அன்று
பாணுக்குக் காசு வாங்கவில்லை.
ஹென்ரிக் எழுதினார்: மொழி.

மலையாளபுரத்தில் அங்கம்மாள்
மண்வெட்டியைக் கீழே வைக்காமலே பேசினாள்.
"கப்பல்ல கொண்டாந்தவன் எங்களுக்குன்னு ஒண்ணும் எழுதி வைக்கல.
நாடு கெடச்சவங்க எங்க பேர வெட்டுனாங்க.
எழுபத்தேழுல மாத்தளையில லயத்தக் கொளுத்துனாங்க.
இங்க வந்து காடு வெட்டுனோம்.
இங்கயும் ஒங்க ஆளுங்க
கெணத்துல வாளி போட விடல.
இதையும் எழுதுங்க தம்பி."

ஒங்க ஆளுங்க.
பேனை காத்திருந்தது.
"தண்ணீர்ப் பிரச்சினை என்கிறார்" என்றேன்.

திரும்பும் வழியில், பரந்தனுக்கு அருகே,
கிபிர் வந்தது. வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தோம்.
அந்தப் பெயருக்கு அர்த்தம் தெரியுமா என்றார், சேற்று முகத்தோடு.
செய்தவர் மொழியில் இளஞ்சிங்கமாம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
சிங்கத்தையும் இறக்குமதி செய்கிறார்கள்.
செல்லுக்கு ஒரு நாடு, மிக்குக்கு ஒரு நாடு,
சமாதானம் பேச இன்னொன்று.
எங்கட வீட்டுச் சண்டைதான்.
விறகு மட்டும் வெளியிலிருந்து.

செப்டெம்பரில் வெள்ளை வாகனங்கள் புறப்பட்டன.
கிளிநொச்சியில் படலை மறித்துச் சனம் குந்தியிருந்தது.
போகாதேங்கோ.
நான் வாயைத் திறக்குமுன்
"விளங்குது" என்றார் ஹென்ரிக், தமிழில்.
பிறகு போனார்.
எனக்குப் பாஸ் இல்லை. பெடியள் தரவில்லை.
ஜெனரேற்றர் திறப்பைத் தந்துவிட்டுப் போனார்,
டீசல் இல்லாத ஜெனரேற்றர்.

ஏப்ரலில் அங்கம்மாளைக் கண்டேன்.
மாத்தளையை விட்டு ஓடியவள்
மாத்தளன் மணலில், தோண்டிய குழியடியில்.
அவளிடம் வாளி இருந்தது.
என்னிடம் ஒன்றுமில்லை.
எந்த ஊர், யாருடைய ஆள் என்று கேட்கவில்லை,
நீட்டினாள். உப்புத் தண்ணீர்.
குடித்து முடியும்வரை பார்த்திருந்து
மெல்லக் கேட்டாள்:

"அன்னைக்குச் சொன்னத எழுதுனீங்களா, தம்பி?"