ஆறு வாய்

ஆர்லாண்டோவில் மூன்றாம் நாள் சாயங்காலம்.
எங்கே சாப்பிடலாம் என்று நான் கேட்டதுதான் தப்பு.
வேனுக்குள் ஐந்து வாய்களும்
ஒரே நேரத்தில் திறந்தன.

கர்டிஸுக்குக் கறி வேண்டும், எலும்போடு.
ப்ரின் மார்ச்சிலிருந்து உயிருள்ள எதையும் தொடுவதில்லை;
முட்டை உயிரா இல்லையா என்று
தன்னோடு தானே இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறாள்.
ஏழு வயது ஓடெல் வெள்ளையாய் இருப்பதை மட்டும் தின்பான்:
பால், சோறு, ரொட்டியின் நடுப்பாகம்.
நாத்தனார் லொரெய்னுக்கு நிலக்கடலை ஆகாது.
கைப்பையில் ஊசி இருக்கிறது,
இரண்டு முறை பயன்பட்டும் இருக்கிறது.
அவள் கணவர் வெண்டல்
"எனக்கு எதுவானாலும் சரி" என்றார்.
இருபது வருடமாகச் சொல்கிறார்.
அவருக்கு எது சரி என்று
இருபது வருடமாக யாருக்கும் தெரியாது.

டேட்டனில் நான் பல் சுத்தம் செய்பவள்.
நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்க்கிறேன்.
எந்த வாய் எதைக் கேட்கிறது என்று
எந்தக் கடைவாயிலும் எழுதியிருப்பதில்லை.

அந்த ஓட்டலின் ஆப்பிரிக்க பஃபேவை
நான்தான் தேர்ந்தெடுத்தேன்.
தொலைபேசியில் பதினோரு நிமிடம் முரசு வாசித்துக் காட்டினார்கள்.
பிறகு ஒரு பையன் வந்தான்:
"கடலை ஒரே ஒரு பாத்திரத்தில்தான் மேடம்.
சிவப்புக் கரண்டி."
ஆளுக்கு ஐம்பத்தெட்டு டாலர்.
இந்த ஆறு வாயை நிரப்ப
எத்தனை வாயைச் சுரண்ட வேண்டும் என்று
மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே
சரி என்றேன்.

உள்ளே பிளாஸ்டிக் வைக்கோல் கூரை.
மொராக்கோவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் நடுவே
பாதுகாப்பாக ஒரு தட்டு மாக்கரோனி.
ஒரு கண்டம் முழுக்க
ஆவி பறக்க வரிசையில் நின்றது.
வெண்டல் ஒவ்வொரு பெயர்ப்பலகையையும்
வீட்டுப் பத்திரம் போலப் படித்தார்,
எதையும் எடுக்கவில்லை.

கரண்டிக்குப் பின்னால் நின்றவள் எஃபுவா.
சட்டைப் பட்டையில் அவள் ஊரும் இருந்தது: கேப் கோஸ்ட், கானா.
கர்டிஸ் கேட்டான்:
"வீட்டில் தினமும் இதெல்லாம்தானா?"
அவள் வரிசையை ஒருமுறை நீளமாகப் பார்த்தாள்.
"இதுவும் அந்தச் சிவப்புக் கரண்டியும் எங்கள் வீடு.
மற்றதெல்லாம் எனக்கும் விருந்தாளிதான்.
எத்தியோப்பியாவை நான் இங்கேதான் பார்த்தேன்."

அவள் தொட்டுக்காட்டிய இது
வெள்ளை வெளேரென்று, உருண்டையாக,
எந்தப் பச்சையும் ஒட்டாமல் இருந்தது.
ஓடெல் தட்டை நீட்டினான்.
நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை.
"குழம்பு?"
வேண்டாம் என்று தலையாட்டினான்.
எஃபுவாவின் முகத்தில் ஒரு வலி வந்து போனது.
"சரி. ஆனால் மெல்லக் கூடாது.
ஃபூஃபூவை விழுங்க வேண்டும்."

பல்லுக்கு வேலையே இல்லாத சாப்பாடு!
என் பிழைப்பில் மண்.
அவனோ மூன்று உருண்டை விழுங்கிவிட்டு
நான்காவதற்கு வரிசையில் நின்றான்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான்.
ப்ரின் பருப்பை இரண்டு தட்டு தின்ற பிறகு
அதில் வெண்ணெய் இருப்பது தெரிந்து
கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.
லொரெய்ன் தர்ப்பூசணியோடு
சிவப்புக் கரண்டியையே பார்த்தபடி இருந்தாள்,
அது எழுந்து நடந்து வரும் என்பது போல.
கர்டிஸ் எலும்பு கடித்தான். அவன் மட்டும் பேசவில்லை.

ஓடெல் மிச்சம் வைத்த அரை உருண்டையை
எஃபுவாவிடமே கொண்டுபோனேன்.
அவள் ஒன்றும் கேட்காமல்
சிவப்புக் கரண்டியால் ஊற்றினாள்.
நின்றபடியே, தூணுக்குப் பின்னால்,
விழுங்கினேன்.
பிறகு முழங்கை வரை
இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

திரும்பும் வழியில், சிக்னலில்,
வெண்டல் மெதுவாகச் சொன்னார்:
"உண்மையில் எனக்கு
அந்த மீன்கடைக்குப் போகத்தான் ஆசை."

நான் லொரெய்னுக்கு எட்ட, கடைசி இருக்கையில்.
வாயே திறக்கவில்லை.
நாக்கடியில் இன்னும்
கடலை.