தேய்மானம்

மூக்கு கூராக இருந்தால் போலி.
இது என் முதல் விதி.
அசல் வில்லையைச் சிப்பாய் தினமும் துலக்கியிருப்பான்.

கோவென்ட்ரி, ஞாயிற்றுச் சந்தை, தூறல்.
பிஸ்கட் டப்பாவுக்குள்
வாரிக்‌ஷயர் காலாட்படையின் மான்.
முகமே இல்லை.
கழுத்துச் சங்கிலியும் கரைந்து போயிருந்தது.

"ரொம்ப வருஷம் அணிந்திருக்கிறார்" என்றேன்,
எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

மிஸஸ் ஹாட்லி சிரித்துவிட்டாள்.
"பதினோரு வாரம்தான் போட்டான் என் தம்பி.
மிச்சமெல்லாம் நான்.
வெள்ளிக்கிழமைதோறும்
முள்கரண்டிகளோடு சேர்த்து."

ஏழு பவுண்டு. பேரம் பேசவில்லை.
என் பதிவேட்டில் அதற்கு நேரே
'தேய்த்தவர்' என்று ஒரு கட்டம்
புதிதாகப் போட வேண்டியிருந்தது.

பாலீஷ் துணியை அதன் பக்கம் கொண்டுபோவதில்லை.
பச்சை படரட்டும்.
சங்கிலி இல்லாத மான்
மேயட்டும்.